கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

தேவதானம், சேத்தூர், முகவூர், சொக்கநாதன்புத்தூர் வட்டாரத்து டிராக்டர் உரிமையாளர்களுக்கும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் லாரியும் மினி லாரியும் ஓட்டும் அண்ணாச்சிமார், தம்பிமாருக்கும், பட்டறை மேஸ்திரிகளுக்கும்:



ஆயில் கடையில் இப்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி, "சாதாவா, சிந்தெடிக்கா அண்ணாச்சி?" என்பதுதான். சிந்தெடிக் என்றால் விலை இரு மடங்கு, சில கேன்களில் அதற்கும் மேல். விலை கூடியதுதான் வண்டிக்கு நல்லது என்று, வருஷத்தில் பாதி நாள் தொழுவத்துக்குப் பக்கத்தில் நிற்கிற டிராக்டருக்கு ஃபுல் சிந்தெடிக் ஊற்றுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம் என்று, புது பி.எஸ். 6 லாரிக்கும் பழைய டிரம் ஆயிலையே ஊற்றுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நஷ்டம். முதல் ஆளுக்கு ஆயில் கடையில், இரண்டாம் ஆளுக்குப் பட்டறையில்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. கேனின் முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி, திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற தரக் குறியீட்டைப் படியுங்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருப்பதோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சாதா ஆயிலே போதும். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வேண்டாம்.

சாதா ஆயிலுக்கும் சிந்தெடிக்குக்கும் என்ன வித்தியாசம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதா ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்து, மெழுகையும் கந்தகத்தையும் நீக்கி எடுப்பது. நம் சென்னை மணலி ஆலையிலும் இந்த அடிப்படை எண்ணெய் தயாராகிறது. இதில் பல அளவுள்ள மூலக்கூறுகள் கலந்திருக்கும். சூடு ஏறும்போது அவற்றில் சில ஆவியாகும், சில கெட்டுப் பிசினாகும். சிந்தெடிக்கில் எத்திலீன் வாயுவிலிருந்து தொடங்கி, ஒரே மாதிரியான மூலக்கூறுகளைக் கட்டி எடுக்கிறார்கள். பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்று அதற்குப் பெயர். எஸ்டர் என்று இன்னொரு வகையும் உண்டு. ஜெட் விமான இன்ஜின்களுக்கு முதலில் போனது அந்த எஸ்டர்தான். அதற்கு மூலப்பொருளான செபாசிக் அமிலத்தை ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்தார்கள். நம் தாத்தாமார் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மசகு போட்டார்களே, அதே எண்ணெய்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது கேனில் ஏ.பி.ஐ. என்று போட்டிருக்கிறதே அந்த அமைப்பு, அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறது. முதல் மூன்று கச்சா எண்ணெயிலிருந்து வருகிறவை. நான்காவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எஸ்டர் முதலான மற்றவை ஐந்தாவது. மூன்றாவது பிரிவை ஹைட்ரஜன் ஏற்றி நன்றாகச் சுத்தம் செய்கிறார்கள், ஆனாலும் பிறப்பு கச்சா எண்ணெய்தான். அதை சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில் கம்பெனிக்கும் காஸ்ட்ரால் கம்பெனிக்கும் அமெரிக்காவில் தகராறாகி, விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அதிலிருந்து மூன்றாம் பிரிவு எண்ணெயும் ஃபுல் சிந்தெடிக் என்ற பெயரில் கடைக்கு வருகிறது. அது மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை, நல்ல எண்ணெய்தான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு விதமான சரக்கு விற்கும்போது, பெயரை நம்பி எப்படிக் காசு கொடுப்பது? செமி சிந்தெடிக் என்றால் இன்னும் கஷ்டம். எத்தனை பங்கு எது என்று கேனில் பெரும்பாலும் இருக்காது.

சிந்தெடிக்குக்கு இரண்டு பலம். கடுங்குளிரில் உறையாது, கடும் சூட்டில் சீக்கிரம் கெடாது. குளிரை எடுத்துக்கொள்வோம். 15டபிள்யூ-40 என்று கேனில் இருக்கிறதே, அந்த 15டபிள்யூ என்பது குளிருக்கான அளவு. மைனஸ் 20 டிகிரியில் இன்ஜின் சுற்ற வேண்டும், மைனஸ் 25-ல் பம்ப் அதை இழுக்க வேண்டும் என்று அதற்குச் சோதனை. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30, மைனஸ் 35. மலையடிவாரத்து மார்கழி விடியற்காலையில்கூட நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை. ரஷ்யாவிலும் கனடாவிலும் ஓடும் வண்டிக்கு உயிர் காக்கிற குணம் அது, நமக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. புத்தகம் 15டபிள்யூ-40 கேட்கிற பழைய டிராக்டருக்கு 5டபிள்யூ-30 ஊற்றினால், சித்திரை வெயிலில் டிப்பர் இழுக்கும்போது ஆயில் மெலிந்து பிரஷர் இறங்கும். காசும் கொடுத்து கெடுதலும் வாங்குவதா?

டிராக்டரில் ஆயிலைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு அல்ல, தூசியும் தண்ணீரும். கரும்புக் காட்டிலும் செம்மண் தடத்திலும் ஒரு நாள் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் விரல் கனத்துக்குச் சேறு படிந்திருக்கும். ஆயில் நிற்கிற கிண்ண ஃபில்டர் உள்ள வண்டிகளில் அந்தச் சேறு குறியைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் வருகிற தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். மணல் துகள் ரிங்கையும் லைனரையும் அராவும்போது, உள்ளே இருப்பது சாதா ஆயிலா சிந்தெடிக்கா என்று பார்த்து விட்டுவைப்பதில்லை. கிண்ணத்தைக் கழுவி ஆயில் மாற்ற பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிக்காமல் சேம்பருக்குள் ஊற்றுகிற எந்த விலை ஆயிலும் வீண்தான்.

தண்ணீர் கதை இதைவிடப் பெரிது. தொழி உழவுக்குக் கூண்டுச் சக்கரத்தோடு இறங்கினால் அச்சு வரை சேறு நிற்கும். ஆக்சில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், சேற்றுத் தண்ணீர் ஹவுசிங்குக்குள் ஏறிவிடும். நடவு சீசன் முடிந்ததும் பின்பக்க டிரெயின் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். உடனே முழுவதையும் இறக்கி, சீலை மாற்றி, புது ஆயில் ஊற்ற வேண்டும். "போன வருஷம்தானே சிந்தெடிக் ஊற்றினோம், இன்னும் இரண்டு வருஷம் தாங்கும்" என்று விட்டுவிட்டால் பேரிங்கும் கிரவுன் பல்லும் துருப்பிடித்துத் தின்னப்படும். தண்ணீர் கலந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும், எந்த வகையானாலும். இப்படி அடிக்கடி மாற்ற வேண்டிய இடத்தில் விலை குறைந்த, தரம் பொருந்துகிற ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கம்பியை இழுத்து, விரலில் தொட்டு, "கறுத்துப்போச்சு, மாத்து" என்று சொல்கிற பழக்கத்தையும் விட வேண்டும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி ஒரு நாள் உழவு ஓட்டினாலே கறுத்துவிடும். எரிபொருள் எரிந்த கரியை ஆயிலில் உள்ள மருந்துகள் தம்மோடு தாங்கிப் பிடித்திருப்பதன் நிறம் அது. வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். முன்பு அடிக்கடி மாற்றியதற்கு வேறு காரணம் இருந்தது. ஒரு காலத்தில் நம் நாட்டு டீசலில் கந்தகம் 1 சதவீதம், அதாவது 10,000 பி.பி.எம். வரை இருந்தது. அது எரிந்து அமிலமாகி ஆயிலைத் தின்றது. 2017-ல் நாடு முழுவதும் 50 பி.பி.எம்., 2020 ஏப்ரலில் இருந்து 10 பி.பி.எம். ஆகிவிட்டது. ஹவர் மீட்டரையும் புத்தகத்தையும் பார்த்து மாற்றினால் போதும், நிறத்தைப் பார்த்து வேண்டாம்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று, சேம்பருக்கு எட்டு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு விலை கொடுத்த ஆயில் 500 மணி நேரம் ஓடினால்தான் கட்டும். ஆனால் தூசியும் கரியும் டீசல் கசிவும் ஆயிலுக்குள் சேர்வது சிந்தெடிக் என்பதால் குறையப்போவதில்லை. ஃபில்டரும் அதே ஃபில்டர்தான். வாரண்டி உள்ள வண்டியில் புத்தகக் கெடுவைத் தாண்டினால் கம்பெனி கைவிரிக்கும். பெரும்பாலான புத்தகங்களில் "இத்தனை மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது" என்று வேறு இருக்கிறது. நம் ஊரில் சொந்த நிலத்துக்கு மட்டும் ஓடுகிற பல வண்டிகள் வருஷத்தில் 500 மணி நேரத்தைத் தொடுவதே இல்லை.

இனி, டிராக்டரில் நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின் ஆயில் அல்ல, பின்பக்க ஆயில். இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளில் பிரேக் தட்டுகள் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. கியர், கிரவுன், லிஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் பல வண்டிகளில் ஒரே எண்ணெய். கியர் பல்லுக்கு வழுக்க வேண்டும், பிரேக் தட்டுக்கு வழுக்கக் கூடாது. இந்த இரண்டு எதிர் வேலையையும் ஒரே எண்ணெய் செய்வதற்காகத்தான் தனி மருந்துகள் சேர்த்து, வெட் பிரேக் ஆயில் என்றும் யு.டி.டி.ஓ. என்றும் விற்கிறார்கள். ஜே20சி, எம்1145 என்று குறியீடுகள் இருக்கும். இதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த 90 நம்பர் கியர் ஆயிலையோ மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலையோ ஊற்றினால், பிரேக் அழுத்தும்போது ஹவுசிங்கே அதிர்ந்து முனகும், பிறகு பிடிக்காது. கரும்பு லோடோடு ஓடைப் பாலத்து இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய உலர் பிரேக் வண்டிக்கு வேறு எண்ணெய், புது வண்டிக்கு வேறு. பெயின்டும் பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள்.

இதில் அமெரிக்க விவசாயிகள் ஏமாந்த கதை நமக்குப் பாடம். 303 என்ற எண் போட்ட டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் அங்கே மஞ்சள் வாளிகளில் மலிவாக விற்றது. அந்த 303 என்பது ஜான் டீர் கம்பெனியின் பழைய தரக் குறியீடு. திமிங்கில எண்ணெய் சேர்த்துச் செய்யப்பட்ட சரக்கு அது. திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததும் 1970-களிலேயே அந்தக் குறியீடு ஒழிந்துபோனது. சோதித்துப் பார்க்க உயிரோடு ஒரு தரமே இல்லாத எண்ணை வாளியில் அச்சடித்து, நாற்பது வருஷம் கழித்தும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மிசோரி மாநில வேளாண் துறை வாளிகளை எடுத்துச் சோதித்து, விற்பனையை நிறுத்தியது. பம்பும் பிரேக்கும் கெட்டுப்போன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். "எல்லா டிராக்டருக்கும் ஏற்றது" என்ற வாசகத்தைப் பார்த்தால் நாமும் நின்று நிதானித்து, எந்தத் தரத்துக்கு ஏற்றது என்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் சிந்தெடிக் வேண்டவே வேண்டாம் என்கிறேன் என்று லாரிக்கார அண்ணாச்சிமார் நினைத்துவிடக் கூடாது. உங்கள் வண்டிக்கு அது கட்டும். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், சிவகிரி, தென்காசி வழியாகக் கொல்லம் போகிற 744-ம் நெடுஞ்சாலையில் புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏறுகிற லாரியை நினைத்துப் பாருங்கள். கீழ் கியரில், காற்றோட்டம் இல்லாமல், டர்போ பழுக்கக் காய்ந்து, கியர் பாக்ஸும் கிரவுனும் கொதிக்க ஏறுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் கெடுகிற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சிந்தெடிக்கின் இரண்டாவது பலம் பேசுகிற இடம் இதுதான். மாசத்துக்குப் பல நடை கேரளா போய்வருகிற வண்டிக்கு, கம்பெனியே ஒப்புதல் கொடுத்த நீண்ட இடைவெளி ஆயில் போட்டால், வருஷத்தில் சர்வீஸுக்கு நிற்கும் நாள் குறையும். வண்டி ஒரு நாள் நின்றால் போகிற வாடகையை ஆயில் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், வித்தியாசம் தெரியும். முக்கியமாக கியர் ஆயிலிலும் கிரவுன் ஆயிலிலும் சிந்தெடிக்குக்குக் கொடுக்கிற காசு திரும்பி வரும் என்பது என் எண்ணம். அங்கே கரி சேர்வதில்லை, டீசல் கலப்பதில்லை, சூடு ஒன்றுதான் எதிரி. இன்னொன்று, ஏற்றம் ஏறி டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓடட்டும். டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகிப் பேரிங்கில் ஒட்டுவதற்கு உடனே அணைப்பதுதான் காரணம்.

பி.எஸ். 6 வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. சைலன்ஸரில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் உள்ள வண்டிகளில் ஆயில் எரிந்து மிஞ்சுகிற சாம்பல் அந்த ஃபில்டரை அடைக்கும். அடைத்த சாம்பலை எரித்துப் போக்க முடியாது. அதனால்தான் 2016 கடைசியில் வந்த சிகே-4 தரத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். சாதா எண்ணெயில் செய்த சிகே-4 ஆயிலும் கடையில் உண்டு. அது அந்த வண்டிக்குச் சரி. ஃபுல் சிந்தெடிக் என்று போட்டு, பின்பக்கம் பழைய சிஎஃப்-4 என்று இருந்தால் அது சரியில்லை. 2023 ஜனவரியில் இருந்து 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் ட்ரெம் 4 என்ற புகை விதி வந்துவிட்டதால், பெரிய டிராக்டர் வாங்கியவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

பி.எஸ். 6 லாரிகளில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றுகிற யூரியா திரவத்தில் விளையாடாதீர்கள் என்று தம்பிமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர் என்று தெரிந்ததும், உரக்கடை யூரியாவை போர் தண்ணீரில் கரைத்தால் என்ன என்று தோன்றும். 2015-ல் இருந்து நம் நாட்டு உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும், நம் போர் தண்ணீரின் உப்பும் இன்ஜெக்டரை அடைத்து, உள்ளே இருக்கிற வினையூக்கியைச் சாகடிக்கும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பெருந்தொகையில் முடியும். அதே போர் தண்ணீரை ரேடியேட்டருக்கும் ஊற்றாதீர்கள். கூலன்ட் ஊற்றுங்கள்.

குட்டி யானை, பிக்கப் வைத்து மாங்காயும் தேங்காயும் ஏற்றிச் செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் போகிறவர்களுக்குப் பிரேக் ஆயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் இன்ஜின் ஆயிலைப் பற்றியே பேசுகிறோம், பிரேக் ஆயில் டப்பியை யாரும் திறப்பதில்லை. அது செயற்கைத் திரவம்தான். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது டிரம்மும் தட்டும் ஏறுகிற சூட்டுக்கு 140 தாங்காது. உள்ளே ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை முழுக்க மாற்ற ஆகிற செலவு ஒரு நடை டீசலில் சின்னப் பங்கு. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள், டப்பி குறைந்தால் தண்ணீரையோ வேறு ஆயிலையோ ஊற்றாதீர்கள்.

பட்டறை மேஸ்திரிகளிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். பட்டறைச் சுவரில், ஊரில் ஓடுகிற ஒவ்வொரு மாடலுக்கும் இன்ஜினுக்கு எது, பின்பக்கத்துக்கு எது, ஸ்டீயரிங்குக்கு எது, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சொன்னால் கேட்காதவர்கள் சுவரில் இருந்தால் படிப்பார்கள். அடுத்தது, காலியான கேனை முழுசாக யாருக்கும் விற்காதீர்கள். ஆணி அடித்து ஓட்டை போட்டுக் கொடுங்கள். நல்ல கம்பெனிக் கேனில் கழிவு ஆயிலை வடிகட்டி ஊற்றி மூடி ஒட்டுகிற கூட்டம் அந்தக் கேன்களைத்தான் தேடுகிறது.

இறக்கிய பழைய ஆயில் எங்கே போகிறது? வேலிக் கம்புக்குக் கரையான் மருந்தாக, செங்கல் சூளைக்கு, மிச்சம் வாய்க்காலுக்கு. சாஸ்தா கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் நம் வயலுக்கும் கிணற்றுக்கும் ஊற்று. அந்த ஆறு வருகிற மலையில் 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவித்த சரணாலயம், 2021-ல் இருந்து புலிகள் காப்பகமும்கூட. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. சிந்தெடிக் ஆயிலும் ஓடி முடிந்த பிறகு அதே விஷம்தான், தேய்ந்த உலோகமும் கரியும் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டிலும் 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற கம்பெனிகளே பழைய ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுத்திகரிக்கப் பொறுப்பு என்று விதி வந்திருக்கிறது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகள் அதை வாங்கவும் செய்கின்றன. ஆனால் நாலு லிட்டருக்காக எவனும் தேவதானம் வரை வரமாட்டான். ஊருக்கு ஒரு 210 லிட்டர் டிரம், மூடியோடு, மழை படாத இடத்தில் வைத்து எல்லோரும் அதில் ஊற்றினால் வருவான். பிரேக் ஆயில், கூலன்ட், தண்ணீர் எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

டிரம் ஒன்றை நான் வாங்கித் தருகிறேன். நிழலான இடம் யார் தருவது, சாவி யார் கையில் இருப்பது என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். புரட்டாசித் தொழிக்கு வண்டிகளை இறக்குவதற்கு முன்னால் முடித்துவிட்டால், இந்த வருஷத்து ஆயிலில் இருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
தேவதானத்து டிராக்டர்காரன் ஒருவன்